பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் நுனி கிள்ளுவதும்

(சென்னையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பருத்திக் காடு ஒன்றுகூட இல்லாத சென்னை நகரில் பருத்தி சாகுபடியைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தியாகராய நகர்க் கடைத்தெருவில் வேட்டியும் சேலையும் விற்பதைத் தவிர இந்த ஊருக்கும் பருத்திக்கும் தொடர்பு இல்லை என்றும் தோன்றலாம். ஆனால் தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் பக்கத்தில் உள்ள சைதாப்பேட்டையில்தான் 1868-ஆம் ஆண்டில் வேளாண்மைப் பள்ளி இயங்கத் தொடங்கியது. அந்தப் பள்ளியே 1906-இல் கோவைக்கு மாற்றப்பட்டு, கல்லூரியாக வளர்ந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. நம் மாநிலத்தில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த எம்.சி.யு. பருத்தி இரகங்களின் பெயரிலும் சென்னை இருக்கிறது. எம்.சி.யு. என்பது ‘மெட்ராஸ் கம்போடியா உகாண்டா’ என்பதன் சுருக்கம். 1968-இல் வெளியான எம்.சி.யு.5 இரகத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள்.

கம்போடியாப் பருத்தி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கு வந்தது. மானாவாரிக் கரிசலில் விளைந்த நாட்டுப் பருத்தியைப் போலன்றி, கோவைப் பகுதியில் கிணற்றுப் பாசனத்தில் தோட்டப் பயிராக அது செழித்தது. அன்று முதல் இறவைப் பருத்தி விவசாயியின் கேள்வி ஒன்றுதான்: கிணற்றில் உள்ள தண்ணீரை எப்போது பாய்ச்சுவது? எவ்வளவு பாய்ச்சுவது? இந்தக் கேள்வியோடு செடியின் நுனியைக் கிள்ளுவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதுதான் இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது. இரண்டையும் தனித்தனி வேலையாக நினைத்துச் செய்வதால்தான் பல தோட்டங்களில் செடி ஆள் உயரம் வளர்ந்தும் காய் குறைவாக இருக்கிறது.

ஒரு காயின் மதிப்பு

முதலில் ஒரு சிறு கணக்கு. வரிசைக்கு வரிசை 75 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 18,000 செடிகள் இருக்கும். நன்கு வெடித்த ஒரு காயில் சுமார் 4 கிராம் பருத்தி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஒரே ஒரு காய் கூடுதலாக நின்று வெடித்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 கிலோ பருத்தி கூடும். செடிக்கு ஒரு காய் உதிர்ந்தால் அதே 70 கிலோ குறையும். தண்ணீரும் நுனி கிள்ளுதலும் இந்த ஒன்றிரண்டு காய்களைத்தான் முடிவு செய்கின்றன.

செடியின் இயல்பு

பருத்தி இயற்கையில் பல ஆண்டுகள் வாழும் செடி. நாம்தான் அதை ஓராண்டுப் பயிராக வைத்திருக்கிறோம். நெல்லைப் போலக் கதிர் வந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் குணம் அதற்குக் கிடையாது. ஒரு பக்கம் காய் முற்றிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் புதிய இலையும் கணுவும் விட்டுக்கொண்டே இருக்கும். இலைகள் தயாரிக்கும் உணவுக்காக வளரும் நுனியும் பிடித்த காயும் எப்போதும் போட்டியிடுகின்றன.

செடியில் இருவகைக் கிளைகள் உண்டு. அடிப்பகுதியிலிருந்து நிமிர்ந்து வளர்வது தழைக்கிளை. அதில் நேரடியாகக் காய் பிடிக்காது. ஏறத்தாழ ஆறாவது கணுவிலிருந்து பக்கவாட்டில் கோணலாக வளர்வது காய்க்கிளை. சப்பையும் பூவும் காயும் இதில்தான் உண்டாகின்றன. தண்டில் மேல்நோக்கி ஏறக்குறைய மூன்று நாட்களுக்கு ஒரு பூவும், ஒரே கிளையில் வெளிநோக்கி ஏறக்குறைய ஆறு நாட்களுக்கு ஒரு பூவும் மலரும். தண்டுக்கு அருகே முதலில் பிடிக்கும் காய்களே எடையும் தரமும் மிகுந்தவை.

சப்பை கண்ணுக்குத் தெரிந்து பூவாக மலர மூன்று வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். பூ, காயாகி வெடிக்க ஏறத்தாழ 50 நாட்கள் ஆகும். ஆக, சப்பையிலிருந்து பருத்தி எடுப்பு வரை ஏறத்தாழ 75 நாட்கள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சப்பையும் காயாவதில்லை. பாதிக்கு மேற்பட்ட சப்பைகளும் பிஞ்சுகளும் இயல்பாகவே உதிர்கின்றன. பூத்துப் பத்து, பதினைந்து நாட்கள் கடந்துவிட்ட காய் எளிதில் உதிர்வதில்லை. அதற்கு முன் உள்ள சில நாட்களே ஆபத்தான நாட்கள். அந்த நாட்களில் வாட்டமும் கூடாது. தண்ணீர் தேங்கவும் கூடாது.

தண்ணீரை நான்கு பருவமாகப் பிரியுங்கள்

விதைத்தவுடன் ஒரு தண்ணீரும், ஐந்தாம் நாள் உயிர்த் தண்ணீரும் தவறாமல் கொடுக்க வேண்டும். இது முளைப்புப் பருவம்.

அடுத்து ஏறத்தாழ 16-ஆம் நாள் முதல் 44-ஆம் நாள் வரை தழை வளரும் பருவம். இங்கேதான் பலர் தாராளமாகத் தண்ணீர் விட்டுவிடுகிறார்கள். இளம் செடி பச்சைப் பசேலென்று நிற்பதைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் மேலே ஈரம் இருந்துகொண்டே இருந்தால் வேர் ஆழமாக இறங்காது. தழைக்கிளைகள் மிகும், கணுவிடை நீளும். களை வெட்டிய பின் 20-ஆம் நாளையொட்டி ஒரு தண்ணீரும், 35 முதல் 40-ஆம் நாளுக்குள் இன்னொரு தண்ணீரும் பொதுவாகப் போதும். இந்தப் பருவத்தில் செடி சிறிது தாகத்தை உணர்ந்தால் கெடுதல் இல்லை. வேர் கீழே போகும்.

45-ஆம் நாள் முதல் 100-ஆம் நாள் வரை சப்பை, பூ, பிஞ்சு எல்லாம் சேர்ந்திருக்கும் பருவம். நீங்கள் சேமித்து வைத்த தண்ணீரைச் செலவிட வேண்டிய காலம் இதுவே. மணற்பாங்கான நிலத்தில் 12 நாட்களுக்கு ஒருமுறையும், கரிசல் போன்ற கனத்த மண்ணில் 15 நாட்களுக்கு ஒருமுறையும் பாய்ச்சலாம். மழை பெய்தால் அதற்கேற்பத் தள்ளிப்போட வேண்டும்.

100 நாட்களுக்குப் பின் காய் முற்றும் பருவம். தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, கடைசி எடுப்புக்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். வெடிக்கத் தொடங்கிய பிறகும் தண்ணீர் கட்டினால் செடி மறுபடி துளிர்க்கும், அடிக்காய்கள் அழுகும், பஞ்சின் நிறம் கெடும்.

கிணற்றில் பத்துத் தண்ணீருக்கு மட்டுமே ஊற்று உள்ள இரண்டு விவசாயிகளை எண்ணிப் பாருங்கள். ஒருவர் முதல் 45 நாட்களில் ஆறு தண்ணீர் விட்டுவிடுகிறார். பூப்பருவத்துக்கு நான்கே மிஞ்சுகிறது. மற்றவர் அதே 45 நாட்களை நான்கு தண்ணீரில் ஓட்டிவிட்டு, பூப்பருவத்துக்கும் காய்ப்பருவத்துக்கும் ஆறு வைத்திருக்கிறார். இருவரும் செலவிட்ட தண்ணீர் ஒன்றுதான். முதல்வர் தோட்டம் முதல் இரு மாதம் பார்வைக்குச் சிறந்திருக்கும். பருத்தி எடுக்கும்போது இரண்டாமவர் தாட்டில்தான் கனம் இருக்கும்.

தண்ணீர் பற்றாத இடங்களில் சால் விட்டுச் சால் பாய்ச்சலாம். முதல் முறை ஒற்றைப்படைச் சால்களிலும், அடுத்த முறை இரட்டைப்படைச் சால்களிலும் தண்ணீர் விட வேண்டும். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பக்கமாவது ஈரம் கிடைக்கும். தண்ணீரும் கணிசமாக மிச்சமாகும். சொட்டு நீர் அமைத்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் சொட்டு நீரில் உரமும் சேர்ந்து போவதால் செடி மதர்த்து வளரும் வாய்ப்பு அதிகம். அவர்கள் நுனியைப் பற்றி இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தேங்கிய நீரும் காயை உதிர்க்கும்

ஆவணியை ஒட்டி விதைக்கும் பயிருக்குப் பூப்பருவம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்து விழும். தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் மூச்சுவிட முடியாதபோது செடி முதலில் கைவிடுவது சப்பையையும் பிஞ்சையும்தான். மழை விட்டு இரண்டு நாள் கழித்துக் கீழே பரவிக் கிடக்கும் சப்பைகளைப் பார்த்துப் பூச்சி என்று மருந்தடிப்பவர்கள் உண்டு. உதிர்ந்த சப்பையை எடுத்துத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளை இல்லையென்றால் அங்கே தேவைப்படுவது வடிகால்.

திருவாரூர், மயிலாடுதுறைப் பகுதிகளில் நெல் தரிசில் கோடைப் பருத்தி போடுபவர்களுக்கும் இதே அறிவுரைதான். காய் முற்றும் நேரத்தில் பெய்யும் கோடை மழை அங்கே பெரிய இழப்பைத் தந்திருக்கிறது. மழை வருவதற்கு முன்பே வடிகால் வெட்டி வைப்பது ஒன்றே வழி.

நுனியை ஏன் கிள்ள வேண்டும்?

செடியின் உச்சியில் உள்ள குருத்து ஒருவகை வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து, பக்கத்தில் உள்ள மொட்டுகளை அடக்கி வைக்கிறது. உச்சியைக் கிள்ளிவிட்டால் மேல்நோக்கி ஓடும் வளர்ச்சி நின்று, உணவு காய்க்கிளைகளுக்குத் திரும்புகிறது.

இப்போது நாம் மனதில் வைத்த 75 என்ற எண்ணுக்கு வருவோம். 150 முதல் 160 நாட்களில் முடியும் இரகத்தில், 75 முதல் 85 நாட்களுக்குப் பின் தோன்றும் சப்பை, பயிர் முடிவதற்குள் வெடிக்கப்போவதில்லை. அது தண்ணீரையும் உரத்தையும் உறிஞ்சி, முற்றாத காயாக நின்று, காய்ப்புழுவுக்கு இரையாகும். வீணாகப்போகும் அந்த வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்துவதுதான் நுனி கிள்ளுதல்.

இரகங்களுக்கு 70 முதல் 75-ஆம் நாளில், 15-ஆவது கணுவுக்கு மேல் உள்ள நுனியைக் கிள்ள வேண்டும். வீரிய ஒட்டுப் பருத்திக்கு 85 முதல் 90-ஆம் நாளில், 20-ஆவது கணுவுக்கு மேல் கிள்ள வேண்டும். ஆறாவது கணுவில் காய்க்கிளை தொடங்கினால் 15-ஆவது கணு வரை பத்துக் காய்க்கிளைகள் நிற்கும். கிளைக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல விளைச்சல்தான்.

கணுவை எண்ணுவது எளிது. தண்டின் அடியில் எதிரெதிராக இரண்டு விதையிலைத் தழும்புகள் இருக்கும். அதை விட்டுவிட்டு, அடுத்த கணுவை ஒன்று என்று எண்ணத் தொடங்குங்கள். நாளும் கணுவும் ஒத்துப்போகாவிட்டால் கணுவையே நம்புங்கள். குளிரும் வறட்சியும் நாட்கணக்கைப் பொய்யாக்கிவிடும்.

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளினால் போதும். அரிவாள் வேண்டாம், கைப்பிடியளவு வெட்டவும் வேண்டாம். பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி இளந்தளிர்களில்தான் அதிகம் முட்டையிடும். ஆகவே கிள்ளிய நுனிகளை அங்கேயே போடாமல் கூடையில் சேர்த்து, வயலுக்கு வெளியே குழியில் புதைத்துவிடுங்கள். ஒரே வேலையில் முட்டைகளும் ஒழியும்.

கிள்ளக் கூடாத இடங்கள்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. 30, 40 நாளிலேயே நுனியைக் கிள்ளினால் அடங்கியிருந்த அடிமொட்டுகள் எழுந்து தழைக்கிளைகளாகப் பெருகும். காய் தள்ளிப்போகும். மானாவாரியில் முழங்கால் உயரத்தில் நிற்கும் செடியைக் கிள்ள வேண்டிய அவசியமே இல்லை. வறட்சியே அதைக் கிள்ளிவிட்டது.

நெருக்கி நடுவதற்கென்று 2020-இல் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 17 போன்ற இரகங்கள் இயல்பிலேயே கச்சிதமானவை. அவற்றில் தழைக்கிளை குறைவு, காய்க்கிளை குட்டை. நெருக்கி நட்ட பயிர் மதர்த்தால் வளர்ச்சியைக் கட்டுப்படுத்த மெபிக்குவாட் குளோரைடு என்ற மருந்து உண்டு. அதன் அளவையும் பருவத்தையும் உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

சீனாவிலும் பருத்தி நுனியைக் கையால் கிள்ளுவது நெடுநாள் வழக்கம். அடியில் உள்ள தழைக்கிளைகளையும் அங்கே நீக்குவார்கள். வடமேற்கே சிஞ்சியாங் பகுதியில் ஜூலை மாதத்தில் நுனி எடுப்பார்கள். இலையுதிர் காலத்து உறைபனி வருமுன் காய் முற்ற வேண்டும் என்பது அவர்களுடைய காலக்கெடு. நமக்கு உறைபனி இல்லை. கிணற்று நீர் வற்றுவதும், காய்ப்புழு பெருகுவதும் நம்முடைய காலக்கெடு.

தண்ணீருக்கும் நுனிக்கும் ஒரே அளவுகோல்

இரண்டு வேலைகளையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. அமெரிக்கப் பருத்தி விவசாயிகள் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். செலவு ஒன்றும் இல்லை.

பருத்திப் பூ மலர்ந்த அன்று வெண்மையாக அல்லது இளமஞ்சளாக இருக்கும், மறுநாள் சிவந்துவிடும். காலையில் வயலில் இறங்கி, தண்டை ஒட்டிய முதல் இடத்தில், செடியின் மிக உயரத்தில் மலர்ந்துள்ள அன்றைய பூவைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பூ உள்ள கிளைக்கு மேலே, ஒரு ரூபாய் நாணய அளவு விரிந்த இலை உள்ள கணு வரை எண்ணுங்கள். வயலின் வெவ்வேறு இடங்களில் பத்துச் செடிகளை எண்ணிச் சராசரி எடுங்கள்.

பூக்கத் தொடங்கும் நேரத்தில் எட்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் செடி வலுவாக உள்ளது. தண்ணீர் இடைவெளியைக் குறைக்க வேண்டாம். உச்சிப் பகுதியில் கணுவிடை நான்கு விரற்கடைக்கு மேல் நீண்டிருந்தால் செடி மதர்க்கிறது என்று பொருள். யூரியாவை மேலும் இடாமல், உரிய கணு வந்ததும் தவறாமல் நுனியைக் கிள்ளுங்கள்.

65, 70-ஆம் நாளிலேயே எண்ணிக்கை ஐந்துக்கு வந்துவிட்டால் செடி தாகத்திலோ பசியிலோ இருக்கிறது. தண்டின் சிவப்பு உச்சி வரை ஏறியிருக்கும். இலை கருநீலம் கலந்த பச்சையாகி, மாலையிலும் தலை நிமிராது. அப்போது நுனியில் கை வைக்காதீர்கள். முதலில் தண்ணீர் கொடுங்கள். விட்டுப்போன மேலுரம் இருந்தால் இடுங்கள்.

90 நாட்களுக்குப் பின் ஐந்துக்கு வந்தால் காய்ச்சுமையால் செடி தானே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. அதற்கு மேல் ஆள் வைத்து நுனி கிள்ளுவது கூலி நட்டம்.

கிள்ளிய பின் கவனிக்க வேண்டியவை

நுனி கிள்ளிய மறுநாளே மூட்டை மூட்டையாகத் தழைச்சத்து இட்டுத் தண்ணீர் கட்டினால் பக்கத்துளிர்கள் வெடித்துக் கிளம்பும். செய்த வேலை வீணாகும். மேலுரத்தையும் மண் அணைப்பதையும் 60, 65-ஆம் நாளுக்குள் முடித்துவிடுங்கள். கிள்ளிய பின் வழக்கமான இடைவெளியிலேயே தண்ணீர் போகட்டும்.

சப்பை உதிர்வதைக் குறைக்க 60, 90-ஆம் நாட்களில் என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியை 40 பி.பி.எம். அளவில் தெளிக்கலாம். 4.5 சதவீத மருந்தானால் 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 9 மி.லி. ஆகும். அளவு கூடினால் பயிர் கருகும். பல்கலைக்கழகத்தின் காட்டன் பிளஸ் கலவையை ஏக்கருக்கு 2.5 கிலோ வீதம் 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் இலைவழி தெளிக்கலாம். ஆனால் வாடிய செடிக்கு எந்த ஊக்கியும் தண்ணீருக்கு மாற்றாகாது.

மறுதாம்பு வேண்டாம்

கடைசியாக ஒரு வேண்டுகோள். பருத்தி எடுத்து முடிந்ததும் செடியைப் பாதியாக வெட்டிவிட்டு, ஒரு தண்ணீர் கட்டி, மறுதாம்பு விடும் ஆசை சிலருக்கு உண்டு. இதுவும் ஒருவகைக் கவாத்துத்தான். ஆனால் தீமை செய்யும் கவாத்து. 1919-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் வேளாண்மைப் பூச்சி, நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. குறித்த தேதிக்குள் கம்போடியாப் பருத்திச் செடியைப் பிடுங்க வேண்டும் என்று அதன்கீழ் கட்டாயப்படுத்தப்பட்டது. அடுத்த பயிருக்குப் பூச்சி தாவக் கூடாது என்பதே நோக்கம். நூறாண்டு கடந்தும் அந்தக் காரணம் மாறவில்லை. 2002-இல் நம் நாட்டுக்கு வந்த பி.டி. பருத்தியையும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இன்று எதிர்த்து நிற்கிறது. மறுதாம்புச் செடியும், வயலோரம் அடுக்கி வைத்த பருத்தி மாரும் அந்தப் புழுவுக்குக் குடியிருப்பு. நீங்கள் மறுதாம்பில் எடுக்கும் நாலு கிலோ, பக்கத்து வயல்காரரின் அடுத்த பருவத்தையே அழித்துவிடக் கூடும். ஆகவே கடைசி எடுப்பு முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

நண்பர்களே, சொன்னவற்றைச் சுருக்கிக் கூறுகிறேன். முதல் 45 நாட்கள் தண்ணீரில் சிக்கனம். அடுத்த 55 நாட்கள் தவறாத பாசனமும் தேங்காத வடிகாலும். இரகத்துக்கு 15-ஆவது கணுவிலும் வீரிய ஒட்டுக்கு 20-ஆவது கணுவிலும் நுனி கிள்ளுதல். கிள்ளுமுன் வெள்ளைப் பூவுக்கு மேல் கணுவை எண்ணிப் பார்த்தல். முடிந்ததும் செடியைப் பிடுங்குதல். இந்தப் பருவத்தில் உங்கள் நிலத்தில் பத்துச் சென்ட்டில் மட்டுமாவது இம்முறையைக் கையாளுங்கள். மற்ற பகுதியை உங்கள் வழக்கப்படியே விட்டு, இரண்டிலும் எடுத்த பருத்தியைத் தனித்தனியே எடை போட்டுப் பாருங்கள். அந்த எடை என் பேச்சைவிடத் தெளிவாகச் சொல்லும்.